பாஞ்சாலைக்குத் தூரம் என்று சொல்ல வராது

எனக்குக் கோபம் வந்தால் முட்டிவலி மறந்துபோகும். அன்றைக்குக் கடுக்காமேட்டிலிருந்து அருவி வரை நான் நடந்து போனதில் பாதி அந்தக் கோபத்தின் புண்ணியம். கோபத்துக்குக் காரணம் பாஞ்சாலை. அவளைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் கடையை மகனிடம் விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

படவேட்டில் கோயிலுக்குப் போகிற வழியில் தேங்காய் பழக் கடை வைத்திருக்கிறேன். மஞ்சுளா கடை என்றால் யாரும் காட்டுவார்கள். வருஷக்கணக்காக ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்ததில் உடம்பு கனத்து, முட்டி தேய்ந்துவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். அவர் சொன்னது தெருவில். என் மகள் தேவயானி அதை மலை என்று எடுத்துக்கொண்டாள். வேலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற பெண்ணுக்கு லீவு நாளில் கால் சும்மா இருக்காது. ஜவ்வாது மலையில் காட்டுப் பாதையில் அருவிக்குக் கூட்டிப்போகிறார்களாம், ஆன்லைனில் என் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டாள். கடையிலிருந்து தலையைத் தூக்கினால் தெரிகிற மலைதான். ஐம்பது தாண்டியும் நான் அதில் கால் வைத்ததில்லை.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போளூர் சுற்றி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜீப் போகிற பாதை முடிகிற இடத்தில் இறங்கினோம். அதுதான் கடுக்காமேடு. கொஞ்சம் வீடுகள், களத்தில் அடித்துப் போட்ட சாமைத்தாள், ஒரு புளியமரம், வனத்துறை போட்ட ஒரு கேட். கேட்டுக்கு முன்னால் எங்களைப் போல வந்திருந்தவர்கள் கூடி நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த பாலமுருகன் என்கிற பையன் மட்டும் தனியாகத் தெரிந்தான். முதுகில் பெரிய பை, பையிலிருந்து வாய்வரை ஒரு குழாய், தண்ணீர் உறிஞ்சுவதற்கு. காலில் கணுக்கால் மூடிய ஷூ. நான் புடவைக்குக் கீழே மகனுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். என்னையும் பார்த்தார்கள், சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

வனவர் கோபால்சாமி நல்ல மனுஷன். இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்று மணி நேரம், இடையில் கடை கிடையாது, பிளாஸ்டிக் போடக் கூடாது என்றெல்லாம் சொன்னார். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஓரமாக நின்ற ஒருத்தியைக் கூப்பிட்டார். ஒல்லியான உடம்பு, புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, காலில் ஒன்றும் இல்லை. நாற்பது வயது இருக்கலாம்.

"பாஞ்சாலை, இவங்க எல்லார் எதிர்லயும் சொல்றேன், கேட்டுக்க. வழியில யார் கேட்டாலும் எவ்ளோ தூரம்னு உள்ளபடி சொல்லணும். பக்கம்ன்ற வார்த்தை உன் வாயில வரக் கூடாது. போன மாசம் ஒருத்தர் மயங்கி விழுந்ததிலேருந்து, இன்னிக்கி ஒரு புகார் வந்தாலும் கேட்டைப் பூட்டுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. அப்பறம் என் கையில இன்னா இருக்குது?"

"சரிங்க சார்" என்றாள் பாஞ்சாலை.

அதற்குள் யாரோ ஒரு அம்மா, "இங்கேருந்து அருவி தெரியுமாம்மா, எவ்வளவு தூரம்?" என்று அவளையே கேட்டுவிட்டாள்.

பாஞ்சாலை பளிச்சென்று சிரித்தாள். "அருவிங்களா? தோ, பக்கந்தாங்க."

கூட்டமே சிரித்தது. கோபால்சாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அப்போது நான் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை.

பாதை இறக்கம். அருவி மலைக்கு நடுவே பள்ளத்தில் விழுகிறது. முன்னால் ஒரு வழிகாட்டி போனான், பாஞ்சாலை கடைசி ஆள். யார் பின்தங்குகிறார்களோ அவர்களோடு வருவதுதான் அவள் வேலை. அன்றைக்கு அந்தப் பாக்கியம் எனக்கு. தேவயானியை முன்னால் போகச் சொல்லிவிட்டேன், பக்கத்தில் நின்று என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆத்திரம் வரும்.

"காலையில இன்னா சாப்ட்டீங்க்கா?" இதுதான் பாஞ்சாலை எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வி. பெயரைக் கேட்கமாட்டாள். காலில் இருப்பதை வைத்து அவளே பெயர் வைத்துவிடுவாள். பாலமுருகன் அவளுக்குப் 'பெரிய பூட்ஸ்', நான் 'வெள்ளை பூட்ஸ் அக்கா'. நடக்கும்போதே காட்டைக் காட்டிக்கொண்டு வந்தாள். இது கடுக்காய், இது வேங்கை, இது போன வருஷம் கரடி கீறிய மரம். கரடி என்றதும் என் கால் கொஞ்சம் வேகமாகத்தான் போனது.

"எவ்ளோ தூரம் இருக்குது பாஞ்சாலை?"

"தோ, அந்தத் திருப்பம்தாங்க்கா."

திருப்பம் வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு திருப்பம் இருந்தது.

"இன்னும்?"

"பக்கந்தாங்க்கா."

இப்படியே நான்கைந்து தடவை. மழை கரைத்த பாதையில் கல்லெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் முட்டிதான் முழு உடம்பின் பாரத்தையும் வாங்குகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வேங்கை மரத்தடியில் தட்டையான பாறை ஒன்று வந்தது. நான் அதில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

"இனிமே நான் நகரமாட்டேன். தூரம்னு நீ உன் வாயால சொல்லு. அப்பறம் எழுந்திரிக்கிறேன்."

"இன்னாக்கா நீங்க, கொழந்த மாதிரி."

"சொல்லுடி!"

அவள் உதட்டைக் குவித்தாள். தூ என்று வந்தது, மீதி வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

"வராதுக்கா. நடக்கிறவங்ககிட்ட அதச் சொல்லக் கூடாது. சொன்னா காலு கேட்டுக்கும். அப்பறம் எழாது. எங்க மலையில யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்படிச் சொல்லாமத்தான் அன்னிக்கி ஒரு மனுஷன் மயங்கி விழுந்தாராமே?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. பாறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை அவளே சொன்னாள். போன மாதம் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் பசி வந்ததும் இங்கேயே சாப்பிட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவள் வழக்கம்போலப் பக்கந்தான் என்று சொல்ல, அருவியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று பொட்டலத்தைக் கட்டிவிட்டார். அருவிக்குப் போவதற்குள் விழுந்துவிட்டார். யாரோ நெல்லிக்காய்க்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த சர்க்கரையை வாயில் போட்டு எழுப்பி, இரண்டு பேர் தோளில் தாங்கி மேலே கொண்டுவந்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பாதைதான் பிழைக்குமா என்று தெரியாமல் இருக்கிறது.

"அத நெனச்சா எனக்கு ராவெல்லாம் தூக்கம் இல்லக்கா. ஆனா அந்த வார்த்தைய வாயில வெக்கவும் முடியல. எனக்கு வேற ஒண்ணு கீது."

அந்த வேறு ஒன்றுதான் அவள் வாழ்க்கையே.

பாஞ்சாலை பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், சந்திரனுக்குக் கட்டிக்கொடுத்துக் கடுக்காமேட்டுக்கு வந்தாள். கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம். மகள் கோகிலவாணி வயிற்றில் இருந்தபோது இந்த ஊருக்கு ஜீப்பே கிடையாது. வலி எடுத்த அன்றைக்கு மழை. போர்வையை மூங்கிலில் கட்டி டோலியாக்கி, அதில் அவளைப் படுக்கவைத்து, இதே பாதையில், அருவியைத் தாண்டி அடிவாரம் வரை ஊர் ஆண்கள் தூக்கிப்போனார்கள். குழந்தை குறுக்கே இருந்தது. வழியில் இரண்டு தடவை தன்னால் முடியாது, இறக்கிப் போட்டுவிடுங்கள் என்று அவள் கத்தியிருக்கிறாள்.

"அப்பல்லாம் தூக்கினு போனவங்க ஒரே வார்த்ததான்க்கா சொன்னாங்க. தோ பக்கந்தாம்மா, தோ பக்கந்தாம்மா. எங்கூட்டுக்காரர் அழுதுனே சொல்றாரு. அருவிச் சத்தம் கேட்டப்போ பாதி வழிதான் வந்திருந்தோம். அது எனக்கு அப்பத் தெரியாது. வந்துட்டோம்னு நெனச்சி மூச்சப் புடிச்சிக்கினேன். தூரம்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா நான் கண்ண மூடிருப்பேன். கோகிலாவும் இல்ல, நானும் இல்ல."

முட்டியை நீவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன்.

கோகிலவாணி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள், கணியம்பாடிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். வருஷாவருஷம் சாமை அறுப்பு முடிந்ததும் குடகுக்குக் காப்பி பறிக்க மேஸ்திரி வேன் அனுப்புவார். புருஷனும் பெண்டாட்டியும் ஏறினால் பங்குனியில்தான் திரும்புவார்கள். பொங்கல் லீவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் பெற்றவர்கள் வந்து கூட்டிப்போக, கோகிலவாணி மட்டும் விடுதி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாளாம். போன வருஷம் சமையல்கார அம்மாதான் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பொங்கல் கொடுத்தார். இந்த வருஷம் அருவிப் பாதை திறந்து, பாஞ்சாலைக்கு இந்த வேலை கிடைத்தது. வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பேன், வா என்று மகளிடம் சொல்லிவிட்டாள்.

"வேன் எப்ப வருது?"

"செவ்வாக்கெழம. எங்கூட்டுக்காரர் மட்டும் போய்ட்டு வரட்டும்னு கீறேன். கேட்டப் பூட்டிட்டா நானும் ஏறணும். எனக்கும் எடம் போட்டு வெச்சிருக்கார் மேஸ்திரி."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இவள் உயிர் போன மாதிரி, சொல்லாவிட்டால் பிழைப்பு போய்விடும். பாறையைக் கையால் ஓங்கித் தட்டினேன்.

"இது இன்னா எடம்? ஆள் உக்கார்றதுக்குன்னே போட்ட மாதிரி இருக்குது?"

"தோள்மாத்துக்கா. டோலி தூக்கறவங்க இங்க எறக்கி வெச்சி, வலது தோள எடது தோளா மாத்திக்குவாங்க. ஆளும் மாறுவாங்க. பாதையில அங்கங்க கீது. அருவிக்கு மொத்தம் ஏழு, இது மூணாவது."

நான் அவளையே பார்த்தேன்.

"ஏண்டி, நீ படுத்துனு போன. உனக்குப் பக்கம்னு சொன்னாங்க, சரி. தூக்கினவங்க தங்களுக்குள்ள இன்னா சொல்லிக்கினாங்க?"

"இன்னா சொல்லுவாங்க... மூணு ஆச்சி, அருவிக்கு நாலு கீதுன்னு..."

அப்படியே நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது.

"அவங்க தூரம்னு சொல்லலியே? பக்கம்னும் சொல்லிக்கலியே? எண்ணிக்கினுதானே தூக்கினாங்க? நான் டோலியில படுத்துனு வர்ல, பாஞ்சாலை. என் ஒடம்ப நானே தூக்கினு வர்றேன். எனக்குத் தூக்கறவங்க கணக்கச் சொல்லு."

அவள் இறங்குகிற பாதையைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். பிறகு எழுந்து எனக்குக் கை கொடுத்தாள்.

"மூணு ஆச்சிக்கா. நாலு கீது."

நான் எழுந்துவிட்டேன். நாலு என்று தெரிந்த பிறகு என் முட்டி வாயை மூடிக்கொண்டது என்று பொய் சொல்லமாட்டேன், வலித்தது. ஆனால் எதற்காக வலிக்கிறது என்று தெரிந்து நடக்கிற வலி வேறு. நாலாவது ஒரு மருதமரத்தடி, ஐந்தாவது ஒரு சுனை. ஆறாவதில் உட்கார்ந்திருந்தபோது காது அடைக்கிற மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. ஏழாவதில் மரங்கள் விலகின.

அருவியை எப்படிச் சொல்வது? கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் அது ஆரம்பிக்கிற இடம் தெரிகிறது. மேலே பாறை விளிம்பில் வெள்ளையாக எட்டிப் பார்த்து, பாதி தூரம் பாறையைத் தொடாமலே இறங்கி, பிறகு உடைந்து, கீழே தண்ணீர் என்று சொல்ல முடியாமல் வெறும் புகையாக வந்து முகத்தில் அடித்தது. கடையிலிருந்து அத்தனை வருஷம் பார்த்த மலைக்குள் இது இத்தனை நாளும் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. தேவயானி ஓடிவந்து "முட்டியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அருவி விழுந்து தண்ணீர் தேங்குகிற குண்டுக்குப் பக்கத்தில் செருப்போடு போகக் கூடாது, அங்கே கன்னிமார் இருக்கிறார்கள் என்றாள் பாஞ்சாலை. எல்லாரும் கழற்றினார்கள். பெரிய பூட்ஸ் மட்டும், பாசியில் வழுக்கும், இந்த ஷூ வழுக்காது என்று போட்டுக்கொண்டே போய், வழுக்கி, இடுப்பு வரை தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தான். அவனுக்கு அடி ஒன்றும் இல்லை, ஷூ நிறையத் தண்ணீர்.

கிளம்பும்போது பாஞ்சாலை ஒரு பாறைமேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. மேல ஏறும்போது ஏழு தோள்மாத்து கீது. ஒவ்வொண்ணுலயும் உக்காந்துதான் போகணும். மூணாவதுல சுனை, தண்ணி புடிச்சிக்குங்க. நாலாவதுல கட்டிவெச்சிக்கினு வந்ததத் துண்ணுடணும், யாரும் மிச்சம் வெக்கக் கூடாது. கடைசி ரெண்டுதான் கஷ்டம்."

கஷ்டம் என்று அவள் சொன்னதைக் கேட்டு நான் கைதட்டினேன். எதற்கு என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை.

பாலமுருகன் உட்காருகிற ஆள் இல்லை. இமயமலையெல்லாம் பார்த்தவனாம். முதல் தோள்மாற்றில் நின்றான், இரண்டாவதைத் தாண்டியே போய்விட்டான், பிறகு கண்ணிலேயே படவில்லை. நாங்கள் உட்கார்ந்து, எண்ணி, வேர்க்கடலை தின்று, எழுந்து ஏறினோம். ஐந்தாவதைத் தாண்டியதும் பாஞ்சாலை பின்னால் ஒரு அம்மாவின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போனேன். நான், முன்னால்! ஒரு திருப்பத்தில் பாதையோரம் பாலமுருகன் உட்கார்ந்திருந்தான். ஷூவைக் கழற்றிப் போட்டிருந்தான், குதிகால் தோல் உரிந்திருந்தது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை. என் மகன் வயதுதான் இருக்கும்.

"ஆன்ட்டி, இன்னும் எவ்ளோ தூரம்?"

எனக்குத் தெரியும், இன்னும் இரண்டு மேடு இருக்கிறது என்று. கணக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"தோ, பக்கந்தாம்ப்பா."

பின்னால் களுக்கென்று சத்தம் கேட்டது. பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் வந்து அவன் கெண்டைக்காலை நீவிவிட்டு, தண்ணீர் கொடுத்து, கையில் ஒரு கழியையும் கொடுத்து எழுப்பினாள். "அஞ்சி ஆச்சி, ரெண்டு கீது" என்று அவனிடம் சரியாகவே சொன்னாள். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோபால்சாமி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

"யாருக்காவது எதாவது புகார் இருக்குதுங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

பாலமுருகன் கையைத் தூக்கினான்.

பாஞ்சாலை புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள். தேவயானி ஏதோ சொல்ல வந்தாள், நான் அவள் கையை அழுத்திப் பிடித்தேன்.

"பக்கம்னு சொன்னாங்க சார். அதுக்கப்புறம் ரெண்டு பெரிய மேடு."

"பாஞ்சாலை!" கோபால்சாமியின் குரல் உடைந்துவிட்டது. "படிச்சிப் படிச்சிச் சொன்னேனே!"

"அவங்க இல்ல சார்" என்றான் பாலமுருகன். கழியால் என்னைக் காட்டினான். "இந்த ஆன்ட்டிதான்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். கோபால்சாமிக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"அப்ப, பாஞ்சாலை இன்னா சொன்னாங்க?"

"ஏழுன்னாங்க. ஏழுதான் வந்துச்சு" என்றான். "நான்தான் உக்காரல."

பாஞ்சாலை தோள்மாற்றுக் கணக்கைச் சொன்னாள். கோபால்சாமி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் வேலூரிலிருந்து ஒரு கும்பல் வருகிறது, நேரத்துக்கு வந்துவிடு என்று அவளிடம் சொன்னார். புகார் ஒன்றும் இல்லை என்று மேலே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். என் மேல் உள்ள புகாரை என்ன செய்வது என்று அவர் கேட்டபோது என் மகளே சிரித்தாள்.

அந்த ஊரில் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனால்தான் போன் எடுக்கும். பாஞ்சாலை அங்கே போய் நின்று முதலில் மேஸ்திரியிடம் பேசினாள். இந்த வருஷம் நான் வரவில்லை, என் இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று. அடுத்து விடுதிக்குப் போட்டாள். கோகிலவாணி வருகிற வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு மண்ணைக் காலால் கிளறியபடி நின்றாள். "பொங்கலுக்கு வூட்டுக்கு வந்துடு. நான் இங்கதான் கீறேன்" என்று சொன்னதுதான் எனக்குக் கேட்டது. மீதியைக் கேட்காமல் நான் ஜீப் பக்கம் வந்துவிட்டேன். என் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது?

ஜீப்பில் ஏறும்போது ஓடிவந்தாள், ஒரு மடி நெல்லிக்காயோடு.

"மறுபடி வருவீங்களாக்கா? உங்க வூடு எங்க கீது?"

"படவேடு."

போளூர் சுற்றிப் போக வேண்டும். அத்தனை வளைவும் வயிற்றுப் பிரட்டலும் இனிமேல்தான் இருந்தது. அவள் மலை விளிம்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு என் முட்டியைப் பார்த்தாள்.

"தோ, பக்கந்தாங்க்கா" என்றாள்.

"ஆமாண்டி," என்றேன். "பக்கந்தான்."